பொறியியல் பட்டம்: கைவிடப்பட்டதும் திரும்பி வந்ததும்

2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தது. தொடக்கச் சம்பளம் ரூ.15,700. விண்ணப்பித்த சுமார் 7,000 பேரில் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயப் படிப்பு முடித்தவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் இருந்த இடங்களில் ஏறக்குறைய பாதி காலியாகக் கிடந்தது. ஆள் சேராத கல்லூரிகள் சில மூடப்பட்டன. சில அதே கட்டடத்தில் கலை அறிவியல் கல்லூரிகளாக மாறின. ‘இனிமேல் இன்ஜினீயரிங் அவ்வளவுதான்’ என்று டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரைக்கும் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

2025இல் அதே கலந்தாய்வுக்குப் பதிவு செய்தவர்கள் 3 லட்சத்தைத் தாண்டினார்கள். இடங்களில் பெரும்பாலானவை நிரம்பின. ஆறு ஆண்டில் என்ன நடந்தது? செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பட்டம் எப்படி எழுந்து உட்கார்ந்தது? உண்மையிலேயே அதன் மதிப்பு கூடிவிட்டதா, அல்லது வேறு வழி தெரியாமல் கூட்டம் மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா?

இதற்குப் பதில் தேட, பட்டத்துக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதில் தொடங்க வேண்டும். 1794இல் சென்னைக் கோட்டையில் நில அளவையாளர்களைத் தயார் செய்யத் தொடங்கப்பட்ட பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. கோவை ஜி.சி.டி. 1945இல், பி.எஸ்.ஜி. 1951இல், காரைக்குடி அழகப்பச் செட்டியார் கல்லூரி 1952இல், மதுரை தியாகராசர் 1957இல் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1980களின் தொடக்கம் வரை மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே படித்து வெளியே வந்தவருக்குப் பொதுப்பணித் துறை, மின்வாரியம், நெய்வேலி, திருச்சி பெல் என்று இடம் இருந்தது. ஊரில் ஒரு பி.இ. இருந்தால் அவர் வீட்டையே ‘இன்ஜினீயர் வீடு’ என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அன்றைக்கு அந்தப் பட்டத்துக்கு இருந்த மரியாதையில் பாதி படிப்பால் வந்தது. மீதிப் பாதி, ஆள் குறைவு என்பதால் வந்தது.

1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. அது நல்லதா கெட்டதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பணம் உள்ளவன் மட்டுமே படிப்பான் என்ற பயம் அன்றைக்கு நியாயமானது. ஆனால் அடுத்து நடந்தது வேறு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 2007இல் நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடும் கட்-ஆஃப் மட்டுமே போதும் என்றானது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. கோச்சிங் சென்டரே இல்லாத ஊரில் படித்தவரும் போட்டிக்கு வந்தார். 2010இல் முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது. சென்னைத் தரமணியில் 2000இல் திறந்த டைடல் பூங்காவும், அதற்குப் பின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுக எழுந்த கண்ணாடிக் கட்டடங்களும், படித்து முடித்தால் போய்ச் சேர வேண்டிய இடம் எது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காட்டின.

விளைவு: 2010களில் கல்லூரிகள் 500ஐத் தாண்டின. 2003லேயே யு.ஆர்.ராவ் தலைமையிலான குழு, தொழில்நுட்பக் கல்வியின் கட்டுப்பாடற்ற விரிவாக்கத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. யார் கேட்டார்கள்?

கல்லூரி கட்டுவது சுலபம், ஆசிரியரைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். வேலை கிடைக்காத பி.இ. பட்டதாரி எம்.இ. சேர்ந்தார். அதை முடித்துவிட்டு அதே மாதிரி ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். தொழிற்சாலைக்குள் ஒரு நாள்கூடக் கால் வைக்காதவர், அடுத்த தலைமுறைக்குத் தொழிற்சாலையைப் பற்றிப் பாடம் எடுத்தார். சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு ஆசிரியரை நிறுத்திவைக்கும் கல்லூரிகள் உண்டு. இது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட தகவல், நிலைமை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் காட்டியது. 350க்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கில் காட்டப்பட்டிருந்தார்கள். இதில் தொடர்புள்ள கல்லூரிகள் இருநூறுக்கும் மேல். ஒருவரே பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகப் பதிவான கூத்தும் நடந்திருந்தது. முறைகேடு நடந்ததை அண்ணா பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டு விசாரணையில் இறங்கியது. ஒரு மாணவனின் பார்வையில் இதற்கு என்ன பொருள்? தெர்மோடைனமிக்ஸ் எடுக்க வேண்டியவர் பெயர்ப் பட்டியலில் இருக்கிறார், வகுப்பறையில் இல்லை. தேர்வுக்கு முந்தைய வாரம் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ‘டூ மார்க்ஸ்’ நோட்ஸ்தான் ஆசிரியர்.

அரியர் என்ற சொல் தமிழ்நாட்டில் சொந்தத் தமிழ்ச் சொல்லைப் போலவே புழங்குவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2020 ஆகஸ்டில், கொரோனாவை முன்னிட்டு, கட்டணம் கட்டியவர்களின் அரியர் தேர்வுகள் ரத்து, அனைவரும் தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தபோது, நன்றி சொல்லி மாணவர்கள் பேனர் வைத்தார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) எதிர்த்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தேர்வே இல்லாமல் தேர்ச்சி தருவதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த பேனர்களைப் பார்த்து ஊரே சிரித்தது. ஆனால் சிரிக்க வேண்டியது மாணவர்களைப் பார்த்து மட்டுமா என்பது வேறு கேள்வி.

இந்திய இன்ஜினீயர்களில் 80 சதவீதம் பேர் வேலைக்கு லாயக்கற்றவர்கள் என்று ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் நிறுவனம் 2019இல் ஓர் அறிக்கை விட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 95 சதவீதம் பேருக்கு ஒழுங்காக நிரல் எழுதத் தெரியாது என்றது. நாளிதழ்களும் அரசியல்வாதிகளும் இந்த எண்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அறிக்கை விட்ட நிறுவனத்தின் தொழிலே வேலைக்கான திறன் தேர்வுகளை விற்பதுதான் என்பதை யாரும் கூடவே சொல்வதில்லை. லாயக்கற்றவர்கள் என்று தள்ளப்பட்ட கூட்டத்திலிருந்துதான் டி.சி.எஸ். 2021-22 நிதியாண்டில் மட்டும் ஒரு லட்சம் புதியவர்களை எடுத்தது. தேவை இருந்தபோது எடுத்தார்கள், மூன்று நான்கு மாதம் பயிற்சி கொடுத்தார்கள், வேலை ஓடியது. ஆக, லாயக்கு என்பது மாணவரின் மண்டையில் மட்டும் இருக்கும் சரக்கு இல்லை. சந்தையில் எவ்வளவு அவசரம் இருக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

இந்த அவசரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பதினேழு வயதில் யாரும் கணித்துவிட முடியாது. 2017இல் பொறியியலை ஊரே கைகொட்டிச் சிரித்த காலத்தில் துணிந்து சேர்ந்தவர் 2021இல் வெளியே வந்தார். கொரோனாவுக்குப் பின் ஐ.டி. நிறுவனங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆள் எடுத்த நேரம் அது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு 2021இல் சேர்ந்தவர் 2025இல் முடித்தபோது காற்று திசை மாறியிருந்தது. ஒரு லட்சம் எடுத்த அதே டி.சி.எஸ். 2024-25இல் எடுத்தது சுமார் 42,000 பேரை. 2022இல் முடித்தவர்கள் சிலருக்கு ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தும், இன்ஃபோசிஸ் ‘ஆன்போர்டிங்’ செய்ய இரண்டு ஆண்டு வரை காக்கவைத்தது. 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில் உள்மதிப்பீட்டில் தேறவில்லை என்று 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள்.

பாடப்பிரிவிலும் இதே கதைதான். தொண்ணூறுகளில் இ.சி.இ., 2000இல் ஐ.டி., ரியல் எஸ்டேட் கொழித்த காலத்தில் சிவில், அதற்குப் பின் மெக்கானிக்கல், இப்போது ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ். ‘வேலையில்லா பட்டதாரி’ படம் 2014இல் வந்தபோது அதன் நாயகன் சிவில் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்ததில் தியேட்டரில் இருந்த பாதிப் பேர் தங்களைப் பார்த்தார்கள். ஒரு பாடப்பிரிவுக்குக் கூட்டம் உச்சத்தில் சேரும் ஆண்டும், அதற்கு வேலை உச்சத்தில் கிடைக்கும் ஆண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். நடுவே நான்கு வருடம் கிடக்கிறது. 2024-25 முதல் நல்ல நிலையில் உள்ள கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டது. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைக் கூட்டின. 2028இல் அத்தனை பேரும் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள்.

சம்பளத்துக்கு வருவோம். 2010 வாக்கில் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதியவருக்கு ஆண்டுக்கு மூன்று லட்சத்தை ஒட்டிக் கொடுத்தன. இன்று டி.சி.எஸ்.ஸின் அடிப்படை நிலைச் சம்பளம் 3.36 லட்சம். இடையில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 3.36 லட்சம் என்றால் மாதம் 28,000, பி.எஃப்., காப்பீடு, இன்ன பிற எல்லாம் போகக் கைக்கு வருவது 25,000க்குள். சோழிங்கநல்லூரில் மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் ஏழெட்டாயிரம் போய்விடும். ஊருக்கு ஐந்தாயிரம் அனுப்பினால், கல்விக் கடனுக்குத் தவணை கட்டினால், மாசக் கடைசியில் ஜி.பே.யில் நண்பனிடம் ஐநூறு கேட்க வேண்டியதுதான். செலவுப் பக்கமும் பார்க்க வேண்டும். கட்டண நிர்ணயக் குழு 2017இல் கலந்தாய்வு இடத்துக்கு விதித்தது ஆண்டுக்கு ரூ.50,000, தரச்சான்று பெற்ற பிரிவுக்கு ரூ.55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000, 87,000. இது காகிதத்தில். விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம், ‘டிரெயினிங் ஃபீஸ்’ என்று சேர்த்தால் நான்கு ஆண்டில் ஐந்தாறு லட்சம் வந்துவிடும். ரசீது தராமல் வாங்குவது தனி.

ஆனால் அதே டி.சி.எஸ்.ஸில் நிஞ்ஜா, டிஜிட்டல், பிரைம் என்று மூன்று படிகள் இருக்கின்றன. ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் படித்த மூன்று பேரில் ஒருவர் 3.36 லட்சத்துக்கும், இன்னொருவர் ஏழு லட்சத்துக்கும், மற்றவர் ஒன்பது லட்சத்துக்கு மேலும் போகலாம். தேர்வில் நிரல் எழுதிக் காட்டியதுதான் வித்தியாசம். பட்டம் மூவருக்கும் ஒன்றே. இந்தக் கட்டுரையின் மையமான விஷயம் இதுதான்: பட்டத்துக்கென்று இப்போது தனி விலை கிடையாது. அது தேர்வறைக்குள் உட்காரக் கிடைக்கும் அனுமதிச் சீட்டு. உள்ளே போய் என்ன செய்கிறார் என்பதை முடிவு செய்வது அந்த நான்கு ஆண்டில் யாராவது உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்களா, அவர் கற்றுக்கொண்டாரா என்பதே. நல்ல கல்லூரிக்கும் மோசமான கல்லூரிக்கும் நடுவே உள்ள தூரம், பொறியியலுக்கும் கலை அறிவியலுக்கும் நடுவே உள்ள தூரத்தைவிட அதிகமாகிவிட்டது.

கணினி வேண்டாம், படித்த துறையிலேயே வேலை பார்க்கிறேன் என்பவரின் பாடு இன்னும் சிக்கல். இந்தியாவிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை எங்கும் ஆலைகள். அப்படியிருந்தும் ‘கோர் ஜாப்’ கிடைக்கவில்லை என்று மெக்கானிக்கல் மாணவர் புலம்புவது ஏன்? இங்குள்ள ஆலைகளில் பெரும்பகுதி நடப்பது உற்பத்தியும் பொருத்துதலும். அதற்கு ஐ.டி.ஐ., டிப்ளமோ, பிளஸ் டூ முடித்தவர்கள் போதும். சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பட்ட விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அத்தனை பெரிய ஆலையில் பொறியாளர் பணியிடங்கள் சிறு பங்குதான். ஹூண்டாய் காரைத் தயாரிப்பது இருங்காட்டுக்கோட்டையில்; அதன் இந்தியப் பொறியியல் மையம் இருப்பது ஹைதராபாத்தில். வடிவமைப்பும் ஆராய்ச்சியும் எங்கே நடக்கிறதோ அங்கேதான் இன்ஜினீயருக்குக் கிராக்கி. சென்னையிலும் அத்தகைய மையங்கள் இருக்கின்றன. ரெனோ-நிசான், அசோக் லேலண்ட், கேட்டர்பில்லர் போன்றவை. அவை எல்லாக் கல்லூரிப் படியையும் ஏறுவதில்லை.

ஆலை வாசலில் நிற்கும் பி.இ. முதலில் கேட்கும் சொல் ‘அப்ரண்டிஸ்’. பட்டதாரிப் பழகுநருக்கு 2019 விதிகள் நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.9,000. ஓராண்டு முடிந்து, ‘ஜி.இ.டி.’ (பயிற்சிப் பொறியாளர்) என்ற பெயரில் எடுத்தாலும் சம்பளம் பதினைந்தாயிரத்தைச் சுற்றித் தொடங்கும் இடங்கள் நிறைய. ஓவர்டைம் பார்க்கும் சி.என்.சி. ஆபரேட்டர் அதைவிட அதிகமாக எடுத்துப்போவார். இதைத் தாங்கிக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டு ஷாப் ஃப்ளோரில் நின்றவர்கள், டிசைன் மென்பொருளும் சேர்த்துக் கற்றவர்கள், முப்பது வயதில் நல்ல நிலைக்கு வருகிறார்கள். சொந்தமாக ஜாப் ஆர்டர் பட்டறை போட்டவர்களைக் கோவையில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். ஆனால் வீட்டில் கடன் தவணை காத்திருக்கும்போது மூன்று ஆண்டு பொறுக்க எத்தனை குடும்பங்களால் முடியும்? 2016இல் மதுரையில் கல்விக் கடன் வசூல் நெருக்கடியால் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை விட்ட பிறகுதான், கடனின் இந்த முகத்தைப் பலரும் கண்டுகொண்டார்கள்.

இவ்வளவும் இருந்தும் கூட்டம் ஏன் திரும்பி வந்தது? ஒரு காரணம், மாற்றுகள் அதைவிட மோசம். மற்றொன்று, இந்தப் பட்டம் எங்கும் செல்லும். வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., காவல் உதவி ஆய்வாளர் தேர்வு, எம்.பி.ஏ. என எதற்கும் பி.இ. போதும். மத்தியக் குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெறுபவர்களில் பாதிக்கு மேல் பொறியியல் படித்தவர்கள். கிரிக்கெட் வீரர் அஸ்வின் பி.டெக். ஐ.டி. படித்தவர், இயக்குநர் கார்த்திக் சுப்புராஜ் மென்பொருள் வேலையை விட்டுவிட்டுப் படமெடுக்க வந்தவர். படித்ததற்கும் செய்வதற்கும் சம்பந்தமில்லை என்று கிண்டல் செய்யலாம். ஒரு காலத்தில் பி.ஏ. செய்த வேலையை இன்று பி.இ. செய்கிறது என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் சரி.

முதல் சம்பளத்தை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் தவறவிடும் இன்னொன்றும் உண்டு. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன். முதலில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ, பிறகு சென்னையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.இ., அதன் பிறகு திருச்சி என்.ஐ.டி., இஸ்ரோ, ஐ.ஐ.டி. மெட்ராஸ். இடங்கள் குறைவாகவே இருந்த பழைய ஏற்பாட்டில் இந்தப் பாதை இவ்வளவு எளிதாகத் திறந்திருக்குமா? ஒரு வீரமுத்துவேலைக் காட்டி ஐந்நூறு கல்லூரிகளை நியாயப்படுத்த முடியாதுதான். ஆனால் பெரிய உயரத்தைத் தொடாதவர்களிடமும் மாற்றம் நடந்திருக்கிறது. கூலி வேலை செய்த தகப்பனின் மகள் மாதம் 25,000 வாங்கி, தம்பியைப் படிக்கவைத்து, ஓட்டு வீட்டுக்கு மாடி எழுப்பிய கதை கடலூரிலோ தருமபுரியிலோ எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். அந்தக் குடும்பத்தில் யாரும் 3.36 லட்சத்தை அற்பம் என்று சொல்வதில்லை.

செயற்கை நுண்ணறிவு, இப்படி மேலேற உதவிய அந்த முதல் படியைத்தான் அசைக்கிறது. புதியவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த வேலைகள் எவை? எழுதிய நிரலைச் சோதிப்பது, சின்னச் சின்னத் திருத்தம், பழைய அமைப்பைப் பராமரிப்பது. இயந்திரம் முதலில் கைவைப்பதும் இவற்றில்தான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடு, மேல் நிலையினர் என்றது. ஆக, முதல் படியும் ஆடுகிறது, நடுப்படியும் ஆடுகிறது. மறுபக்கம், பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காகச் சென்னையிலும் கோவையிலும் திறக்கும் மையங்கள் அடிப்படை வலுவாக உள்ளவர்களைத் தேடி நல்ல சம்பளம் தருகின்றன. கணிதமும் அல்காரிதமும் தெரிந்தவருக்குப் பயமில்லை. ‘டூ மார்க்ஸ்’ நோட்ஸில் தேறியவர் பயப்பட வேண்டும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே கட்டுகிறது. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிக்குள் திறன் பயிற்சியைக் கொண்டுபோனது. இரண்டும் நல்லவை. ஆனால் பாடம் நடத்த ஆளில்லாத வகுப்பறையின் குறையை நாற்பது மணி நேரப் பயிற்சியால் அடைத்துவிட முடியாது.

கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்பும் பெற்றோருக்கு ஒரு சேதி. கல்லூரி வாசலில் தொங்கும் ‘ஹையஸ்ட் பேக்கேஜ்’ பேனர் ஒரே ஒரு ஆளின் சம்பளம். அதை விட்டுவிட்டு, என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரி கொடுத்த விவரத்தைத் தேடிப் படியுங்கள். சேர்ந்தவர்கள் எத்தனை, உரிய காலத்தில் முடித்தவர்கள் எத்தனை, வேலைக்குப் போனவர்கள் எத்தனை, அவர்களில் நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் பாருங்கள். பத்துக்கு மூன்று பேர்கூடத் தேறாத இடத்தில் எந்தப் பிரிவு கிடைத்தாலும் பயனில்லை.

தரவரிசைக்கே விண்ணப்பிக்காத கல்லூரிகளின் கணக்கு இப்படிக் கிடைப்பதில்லை. ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர்களுக்காகவும் முதல் பட்டதாரிகளுக்காகவும் இதே கல்லூரிகளுக்குக் கட்டணம் செலுத்துவது அரசு. பணம் கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பிரிவிலும், படித்து முடித்த ஓராண்டில் எத்தனை பேர் எந்தச் சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதைத் தணிக்கை செய்து, கலந்தாய்வு தொடங்கும் முன்பே தமிழில் வெளியிட வேண்டும்.